மாட்டுக்கு ஆபரேஷனா? மயக்க ஊசியும் வலி மருந்தும் பற்றி அறியவேண்டியவை

சேலம், நாமக்கல் சமவெளியில் மானாவாரி நிலத்தை நம்பியிருக்கும் சிறு விவசாயிகளுக்கு, மழை ஏமாற்றும் ஆண்டுகளில் கைகொடுப்பவை கட்டுத்தறியில் நிற்கும் ஒன்றிரண்டு கறவை மாடுகளும் பட்டியில் உள்ள ஆடுகளுமே. வாரந்தோறும் பால் சங்கத்திலிருந்து வரும் பணத்தில்தான் பல வீடுகளில் உப்பும் புளியும் வாங்கப்படுகின்றன. அந்த மாடு கம்பியை விழுங்கிவிட்டாலோ, கன்று குறுக்கே மாட்டிக்கொண்டாலோ, "ஆபரேஷன் செய்தாக வேண்டும்" என்று கால்நடை டாக்டர் சொன்னதும் வீடே கலங்கிப் போகிறது.

அப்போது இரண்டு பேச்சுகள் எழுவதுண்டு. "மயக்க ஊசி போட்டால் மாடு எழுந்திருக்காது" என்பது ஒன்று. "மாட்டுக்கு ஏது வலி? இரண்டு நாளில் தானே சரியாகிவிடும்" என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. முதல் பேச்சை நம்பி நாள் கடத்துவதால், காப்பாற்றக்கூடிய மாடும் கைவிட்டுப் போகிறது. இரண்டாவது பேச்சை நம்புவதால், நன்றாக முடிந்த ஆபரேஷனுக்குப் பிறகும் மாடு தீனி எடுக்காமல் நலிந்து பால் வற்றிப்போகிறது. மயக்க மருந்தும் வலி மருந்தும் எப்படி வேலை செய்கின்றன, விவசாயியின் பங்கு என்ன என்பவற்றை அறிந்துகொண்டால் இந்த இரண்டு நட்டங்களையும் தவிர்க்கலாம்.

ஆபரேஷன் தேவைப்படும் நிலைகள்

மாடு தீனியை நுனி நாக்கால் பொறுக்கித் தின்பதில்லை. வாரிச் சுருட்டி விழுங்கிவிட்டுப் பின்னர்தான் அசை போடுகிறது. ஆகவே தீவனத்தோடு கிடக்கும் ஆணி, கம்பித் துண்டு, பிளாஸ்டிக் பை எல்லாம் உள்ளே போய்விடுகின்றன. லாரிக் கூண்டு கட்டும் பட்டறைகள் நிறைந்த நாமக்கல், திருச்செங்கோடு பகுதிகளில் சாலையோரம் மேயும் மாடுகளுக்கு இந்த ஆபத்து அதிகம். விழுங்கிய கம்பி இரண்டாம் இரைப்பையில் தங்கி, அதன் சுவரைத் துளைத்து, முன்பக்கம் மிக அருகிலுள்ள இதயம் வரை சென்றுவிடக்கூடும். இதயத்தைத் தொடுமுன் வயிற்றைத் திறந்து எடுத்துவிட்டால் மாடு பிழைக்கும். தொட்ட பின் பிழைப்பது அரிது.

சிறிய கிடேரிக்குப் பெரிய இனக் காளையின் விந்தைச் செலுத்திச் சினைப்படுத்தியதால் கன்று பெருத்துப் பிறப்பு வழியில் வராமல் போவது, கன்று ஈன்றபின் கருப்பை வெளித்தள்ளுவது, எருதுகளுக்கு வரும் கொம்புப் புற்று, மடிக்காம்பில் கிழிசல், கன்றுகளின் தொப்புளில் குடலிறக்கம் ஆகியவற்றிற்கும் அறுவைச் சிகிச்சை தேவைப்படும். கொம்புக் குருத்தைச் சுடுவதும் காயடிப்பதும் சிறு வேலைகளே என்றாலும் அவையும் அறுவைச் சிகிச்சையைச் சேர்ந்தவையே.

மயக்கம் வேறு, மரப்பு வேறு

முழு மயக்கம் என்பது மூளையை உறங்க வைப்பது. மரப்பு என்பது உடலின் ஒரு பகுதியை மட்டும் உணர்ச்சியற்றுப் போகச் செய்வது. மனிதருக்குப் பல் பிடுங்கும்போது போடும் ஊசி இரண்டாவது வகை. மாடுகளுக்குச் செய்யும் ஆபரேஷன்களில் மிகப் பெரும்பாலானவை இந்த மரப்பு ஊசியிலேயே முடிந்துவிடுகின்றன. "மயக்கம் கொடுத்தால் எழுந்திருக்காது" என்று அஞ்சுகிறவர்கள் முதலில் அறியவேண்டியது இதுவே. அநேக ஆபரேஷன்களில் மாடு மயங்குவதே இல்லை.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் 1846ம் ஆண்டு அக்டோபர் மாதம் ஈதர் ஆவியை முகரச் செய்து, வலியின்றி ஆபரேஷன் செய்துகாட்டப்பட்டது. மறு ஆண்டே குளோரோபாரம் பழக்கத்துக்கு வந்தது. குளோரோபாரம் எப்படி உயிரை வாங்குகிறது என்று கண்டறிய 1888, 1889ம் ஆண்டுகளில் ஐதராபாத்தில் நிஜாமின் பொருளுதவியுடன் இரு குழுக்கள் விலங்குகளை வைத்து ஆராய்ந்தன. இன்று மாடுகளுக்குப் போடும் மரப்பு மருந்தான லிக்னோகெயின் 1943ம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டில் உருவாக்கப்பட்டு, 1948ம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. மனிதருக்கும் கால்நடைக்கும் பயன்படுவது ஒரே மருந்துதான்.

நரம்பு ஒரு மின்சாரக் கம்பி போன்றது. அறுபட்ட இடத்திலிருந்து வலிச் செய்தி அதன் வழியாக மூளைக்குப் போகிறது. லிக்னோகெயின் நரம்பைச் சுற்றி நிற்கும் வரை அந்தச் செய்தி கடந்து போகமுடியாது. சில நிமிடங்களில் தொடங்கி ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வரை மரப்பு நிற்கும். பிறகு மருந்து கரைந்து போய் உணர்ச்சி திரும்பிவிடும். சீழ் பிடித்து வீங்கிய இடத்தில் இந்த ஊசி சரியாக வேலை செய்யாது; அங்குள்ள புளிப்புத் தன்மை மருந்தை நரம்புக்குள் புகவிடுவதில்லை. கட்டியும் புண்ணும் முற்றுமுன் கொண்டுவரவேண்டும் என்று டாக்டர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நின்றபடியே வயிற்று ஆபரேஷன்

கம்பி எடுப்பதற்கான ஆபரேஷனை மாடு நின்றுகொண்டிருக்கும்போதே செய்கிறார்கள். மாட்டை மரச் சட்டத்தில் அடைத்து, இடது விலாவுக்குப் பின்னுள்ள பள்ளத்தில் மயிர் மழித்துக் கழுவுகிறார்கள். பிறகு முதுகெலும்பின் ஓரமாக, கடைசி விலா எலும்பு நரம்புக்கும் இடுப்பின் முதலிரண்டு நரம்புகளுக்கும் மரப்பு ஊசி போடுகிறார்கள். அல்லது வெட்டும் இடத்தைச் சுற்றி தலைகீழான 'எல்' என்ற ஆங்கில எழுத்துப் போல வரிசையாக ஊசி போடுகிறார்கள். அந்தப் பக்கத் தோல், சதை, உள் சவ்வு எல்லாம் மரத்துவிடும். கத்தி படுவது மாட்டுக்குத் தெரியாது. உள்ளே கை விட்டு இழுக்கும்போது மட்டும் ஓர் இழுப்பு உணர்ச்சி இருக்கும். அப்போது மாடு சற்று நெளிவதைக் கண்டு, மருந்து பிடிக்கவில்லை என்று எண்ணவேண்டியதில்லை.

நின்றபடியே செய்வதற்குத் தக்க காரணம் உண்டு. வளர்ந்த மாட்டின் முதல் இரைப்பை 100 லிட்டருக்கும் மேல் கொள்ளும் பெரிய தொட்டி போன்றது. அதில் தீவனம் புளித்துக்கொண்டே இருப்பதால் காற்று உண்டாகிறது. நிற்கும் மாடு அதை ஏப்பமாக வெளியே விட்டுவிடும். மயங்கிப் படுத்த மாட்டால் அது முடிவதில்லை. வயிறு உப்பி நுரையீரலை அழுத்தும். பெரிய மாட்டுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் அளவுக்கு உமிழ்நீர் சுரப்பதும் உண்டு. விழுங்கும் திறன் மயக்கத்தில் போய்விட்டால் உமிழ்நீரும் வயிற்றிலிருந்து மேலேறும் தீனியும் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். மயக்கத்தில் மாடு இறந்ததாகக் கேள்விப்படும் கதைகளில் உண்மை இருக்குமானால், அதற்கு மருந்தின் நஞ்சைவிட இந்த இரண்டுமே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

வால் அடியில் போடும் ஊசி

கருப்பை வெளித்தள்ளிய மாடு விடாமல் முக்கிக்கொண்டே இருக்கும். டாக்டர் உள்ளே தள்ளத் தள்ள அது வெளியே தள்ளும். இதற்கு வாலின் அடியில் ஊசி போடுகிறார்கள். வாலை மேலும் கீழுமாக ஆட்டிப் பார்த்தால் முதல் வால் எலும்புக்கும் இரண்டாவதற்கும் நடுவில் ஒரு சிறு பள்ளம் அசைவது கைக்குத் தெரியும். அங்கே ஊசியை இறக்கி, 5 மில்லி அளவிலான மரப்பு மருந்தைத் தண்டுவட உறைக்கு வெளியே செலுத்தினால், பிறப்பு வழியும் ஆசனப் பகுதியும் மரத்துப்போகும். முக்கல் நின்றுவிடும். வால் துவண்டு தொங்குவதே மருந்து பிடித்ததற்கு அடையாளம்.

அளவு கூடினால் பின்னங்கால்கள் துவண்டு மாடு விழுந்துவிடும். சிறிய வேலை போலத் தெரிந்தாலும் பயிற்சி இல்லாதவர் கை வைக்கக்கூடாத வேலை இது. டாக்டர் வந்து சேரும் வரை, தள்ளிய கருப்பையைச் சுத்தமான ஈரத் துணியில் ஏந்தி, மண்ணும் சாணமும் படாமல், நாயும் காக்கையும் கொத்தாமல் காப்பது விவசாயியின் வேலை.

கொம்பும் காயடிப்பும்

கொம்புக்குப் போகும் நரம்பு, கண்ணின் வெளி ஓரத்துக்கும் கொம்பின் அடிக்கும் நடுவிலுள்ள எலும்பு விளிம்பின் கீழே ஓடுகிறது. அங்கே மரப்பு ஊசி போட்டுத்தான் புற்று வந்த கொம்பை அறுத்தெடுக்கிறார்கள். எருது அடிக்கடி தலையை உதறுவது, கொம்பு ஒரு பக்கம் சாய்வது, அந்தப் பக்க மூக்கில் இரத்தம் கசிவது ஆகியவை கொம்புப் புற்றின் அறிகுறிகள். கொம்பு சரியும் வரை காத்திராமல் முதல் அறிகுறியிலேயே காட்டிவிட்டால் எருதைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம்.

கன்றுக்குக் கொம்புக் குருத்தைச் சுடுவதாக இருந்தால் பிறந்த சில வாரங்களுக்குள் செய்துவிடவேண்டும். அப்போதும் அதே இடத்தில் சிறிதளவு மரப்பு ஊசி தேவை. சின்னக் கன்றுக்கு வலி தெரியாது என்பது உண்மை அல்ல. காளைக் கன்றுகளைக் காயடிக்கும்போதும் விதைக் கொடியில் மரப்பு ஊசி போட்டுக்கொண்டு, அதனுடன் வலி மருந்தும் கொடுத்தால், கன்று அன்று மாலையே தீனி தின்னும். கல்லை வைத்து நசுக்கும் பழைய முறையைக் கைவிடவேண்டும்.

குதிரையில் பத்தில் ஒரு பங்கு

முரட்டு மாட்டையும், படுக்க வைத்துச் செய்யவேண்டிய ஆபரேஷன்களில் சாதுவான மாட்டையும் அமைதிப்படுத்த சைலசின் என்ற மருந்து பயன்படுகிறது. 1962ம் ஆண்டில் ஜெர்மனியில் கண்டுபிடிக்கப்பட்ட மருந்து இது. அசை போடும் பிராணிகள் இதற்கு மிகவும் இளகியவை. குதிரைக்குக் கொடுப்பதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும். ஆடுகள் அதைவிடவும் தாங்காதவை. இந்தக் கணக்குத் தெரியாமல் ஊசி போட்டால் ஆபத்து நிச்சயம்.

இந்த மருந்து கொடுத்தபின் மாடு தலையைத் தாழ்த்தி எச்சில் ஒழுக நிற்கும் அல்லது படுத்துவிடும். சிறுநீர் அதிகமாகப் போகும். வயிறு சற்று உப்பலாம். இவற்றைக் கண்டு கலங்கவேண்டாம். ஆனால் நிறைசினை மாடுகளில் இது கருப்பையைச் சுருங்கச் செய்வதால் கன்று வீசும் அபாயம் உண்டு. ஆகவே மாடு சினையாக இருந்தால், எத்தனை மாதம் என்பதை டாக்டர் கேட்குமுன் விவசாயியே சொல்லிவிடவேண்டும். மயக்கத்தை முறிக்கவும் யோகிம்பின் போன்ற மாற்று மருந்துகள் இருக்கின்றன.

ஆட்டுக்குட்டிக்குத் தனிக் கணக்கு

சேலம் கருப்பு வெள்ளாடும் மேச்சேரிச் செம்மறியும் இந்தப் பகுதியின் சொந்த இனங்கள். ஆடுகளுக்கு மரப்பு ஊசி போடும்போது அளவில் மிகுந்த கவனம் வேண்டும். கடைகளில் கிடைக்கும் 2 சதவீத லிக்னோகெயினில் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. ஆட்டுக்கு ஒரு கிலோ எடைக்கு 5 மில்லிகிராம் அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். 5 கிலோ குட்டிக்கு ஒன்றேகால் மில்லிதான் எல்லை. மாட்டுக்குப் போடுவது போல 5 மில்லியைப் போட்டுவிட்டால் குட்டி வலிப்பு வந்து இறந்துபோகும். "ஊசி போட்டதும் செத்தது" என்பவற்றில் சில இப்படி அளவு மீறியவையே. ஆகவே ஆட்டின் எடையை முன்கூட்டியே பார்த்துச் சொல்வது நல்லது. டாக்டர் பெரும்பாலும் மருந்தைத் தண்ணீரில் நீர்க்கச் செய்து, பல இடங்களில் பிரித்துப் போடுவார்.

முதல் நாளே செய்யவேண்டியவை

அவசர ஆபரேஷனுக்கு நேரம் கிடைக்காது. நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷன் என்றால் வளர்ந்த மாட்டுக்கு 24 மணி நேரம் தீனியும் 12 மணி நேரம் தண்ணீரும் நிறுத்தவேண்டியிருக்கும். ஆடுகளுக்கு 12 மணி நேரம் முதல் தீனி நிறுத்தினால் போதும். பால் குடிக்கும் கன்றையும் குட்டியையும் நெடுநேரம் பட்டினி போடக்கூடாது; அவை சோர்ந்துவிடும். சரியான நேரத்தை அந்தந்த டாக்டர் சொல்வார். "பசியோடு கிடக்கிறதே" என்று இரவில் மனம் இளகி ஒரு பிடி சோளத்தட்டு போட்டுவிடுவது உபகாரமாகாது. அதுதான் மறுநாள் மூச்சுக்குழலில் இறங்குவது.

டாக்டரிடம் கட்டாயம் சொல்லவேண்டியவை: மாடு ஈன்ற தேதி, சினை மாதம், கடைசியாகத் தீனி எடுத்த நேரம், முன்பு ஏதாவது ஊசி போட்டிருந்தால் அதன் பெயர். கைவைத்தியரோ, மருந்துக் கடைக்காரரோ கொடுத்த மருந்தாக இருந்தாலும் மறைக்கக்கூடாது. அட்டையையோ காலிப் புட்டியையோ எடுத்துப் போவது மேல்.

ஊசி தெளியும் நேரம்

படுக்க வைத்துச் செய்த மாட்டை ஆபரேஷன் முடிந்ததும் ஒருக்களித்துக் கிடக்கவிடாமல் நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி உட்காரவைக்கவேண்டும். இரு பக்கமும் வைக்கோல் கட்டு அல்லது மண் மூட்டையை முட்டுக் கொடுக்கலாம். தலை சற்று உயர்ந்து வாய் தாழ்ந்திருந்தால் எச்சில் வெளியே வடியும். மூச்சு சீராக இருக்கிறதா, இடது வயிறு உப்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆள் பக்கத்தில் இருக்கவேண்டும். உப்பல் கூடிக்கொண்டே போனால் உடனே டாக்டரைக் கூப்பிடவேண்டும்.

மாடு தானே எழுந்து, நிலையாக நின்று, விழுங்கும் வரை தண்ணீரோ கஞ்சியோ வாயில் ஊற்றக்கூடாது. வழுக்கும் சிமெண்ட் தரையில் எழுப்பவும் கூடாது. மணல் பரப்பிய இடம் நல்லது. முதலில் சிறிது தண்ணீர், பிறகு கைப்பிடி அளவாகப் பசும்புல், மறுநாள் முதல் சிறிது சிறிதாகக் கடலைக் கொடி, சோளத்தட்டு என்று கூட்டவேண்டும். மரவள்ளி விளையும் இந்தப் பகுதியில் மற்றொரு எச்சரிக்கை தேவை. பட்டினி கிடந்த மாடு பச்சை மரவள்ளித் தழையையும் கிழங்குத் தோலையும் ஆவலாகத் தின்றுவிட்டால் அதிலுள்ள நஞ்சே உயிரைக் குடித்துவிடும். அவற்றை எட்டாத இடத்தில் வைக்கவேண்டும்.

வலியை எப்படி அறிவது

மரப்பு ஊசியின் வேலை இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். வெட்டும் தையலும் உண்டாக்கும் வலி மூன்று நான்கு நாள் நிற்கும். மாடு அதை வெளியில் சொல்லாது. காட்டில் வாழ்ந்த காலத்தில் நொண்டும் மாட்டைத்தான் புலி குறிவைத்தது. அதனால் வலியை மறைப்பது அதன் பிறவிக் குணம்.

ஆனால் அடையாளங்கள் உண்டு. பல்லை நறநறவென்று கடிப்பது, முதுகைக் கூனி நிற்பது, காது பின்னால் சரிந்து கண் மங்குவது, மூச்சு விடும்போது முனகுவது, வயிற்றைக் காலால் உதைப்பது, கூட்டத்தை விட்டு ஒதுங்கி நிற்பது, எல்லாவற்றுக்கும் மேலாக அசை போடாமல் இருப்பது ஆகியவை வலியின் அறிகுறிகள். ஆடு என்றால் எழுந்து எழுந்து படுக்கும். கன்று தலையை உதறிக் காதை ஆட்டும்.

வலியில் இருக்கும் மாடு தீனி தின்பதில்லை. தீனி தின்னாததால் இரைப்பை நின்றுபோகிறது. பால் குறைகிறது. காயமும் மெதுவாகவே ஆறுகிறது. படுத்தே கிடப்பதால் தொடைத் தசை நசுங்கி எழமுடியாமலும் போகலாம். வலி மருந்து கொடுப்பது மாட்டின் மேலுள்ள இரக்கத்துக்காக மட்டும் அல்ல. போட்ட பணத்தைக் காப்பதற்காகவும்தான். ஆபரேஷன் செய்த மாடு திரும்ப அசை போடத் தொடங்குவதே பிழைத்ததற்கு நல்ல அடையாளம்.

வலி மருந்தைக் காயம் உண்டாகுமுன்னரே கொடுத்துவிட்டால் பலன் கூடுதல். வலி ஒருமுறை நரம்பில் ஏறிவிட்டால், பிறகு தொட்டாலே துடிக்கும் அளவுக்கு நரம்பு கூர்மையாகிவிடுகிறது. ஆகையால் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டர் இந்த ஊசியைப் போட்டால் வீண் செலவு என்று எண்ணவேண்டாம்.

எந்த வலி மருந்து?

இன்று மாடுகளுக்குப் பரவலாகப் பரிந்துரைக்கப்படும் வலி மருந்து மெலாக்சிகாம். வலியையும் வீக்கத்தையும் காய்ச்சலையும் குறைக்கும். ஒருமுறை போட்டால் இரண்டு நாளுக்கு மேலும் வேலை செய்யும் தன்மை மாடுகளில் இதற்கு உண்டு. "வலி போகவில்லை" என்று அன்று மாலையே இன்னொரு ஊசி போடச் சொல்லக்கூடாது. இவ்வகை மருந்துகள் அளவு மீறினால் நான்காம் இரைப்பையில் புண் உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். தண்ணீர் குடிக்காமல் வறண்டு கிடக்கும் மாட்டுக்கு இந்தக் கெடுதல் அதிகம். இரண்டு வலி மருந்துகளை ஒன்றாகப் போடுவதும், டெக்சாமெதசோன் போன்ற ஸ்டீராய்டு ஊசியுடன் சேர்த்துப் போடுவதும் கூடாது. ஸ்டீராய்டு நிறைசினை மாட்டுக்குக் கன்று வீச்சையும் உண்டாக்கும்.

மனிதருக்கு வாங்கிய வலி மாத்திரையைப் பொடித்து மாட்டுக்கும் நாய்க்கும் கொடுக்கும் வழக்கமும் தவறு. பாரசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்லும். ஐபுபுரோபன் நாயின் குடலிலும் சிறுநீரகத்திலும் புண்ணும் கேடும் விளைவிக்கும்.

தடை செய்யப்பட்ட ஊசிகள்

வலி மருந்துகளில் சிலவற்றைக் கால்நடைக்குப் போடுவது சட்டப்படி குற்றம். 1990க்கு முன் நாடெங்கும் ஊர்ப்புறங்களில் இறந்த மாட்டைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்த பிணந்தின்னிக் கழுகுகள், பின்னர் வேகமாக அழிந்தன. சில இனங்களில் நூற்றுக்கு 97க்கு மேல் மறைந்துபோயின. காரணம் தெரியாமல் இருந்த நிலையில், டைக்ளோபினாக் என்ற வலி மருந்தே காரணம் என்று 2004ம் ஆண்டில் கண்டறிந்தார்கள். அந்த ஊசி போட்டபின் சில நாட்களுக்குள் இறந்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகம் நின்று, உடலுக்குள் உப்புப் படிந்து அது இறந்துவிடுகிறது. நூறு மாட்டுப் பிணங்களில் ஒன்றில்கூட இந்த மருந்து இருக்கவேண்டியதில்லை. அதற்கும் குறைவாக இருந்தாலே கூட்டம் கூட்டமாகக் கழுகுகள் அழியப் போதுமானது என்று கணக்கிடப்பட்டிருக்கிறது.

இந்திய அரசு 2006ம் ஆண்டில் கால்நடைகளுக்கு டைக்ளோபினாக்கைத் தடை செய்தது. மனிதருக்கான பெரிய புட்டிகளை வாங்கி மாட்டுக்குப் போடுவது தொடர்ந்ததால், 2015ம் ஆண்டில் மனித உபயோகத்துக்கான ஊசி மருந்தை 3 மில்லிக்கு மேற்படாத ஒருவேளைப் புட்டியில் மட்டுமே விற்கவேண்டும் என்று ஆணையிட்டது. அந்த ஆணையை எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2017ம் ஆண்டில் தள்ளுபடி செய்தது. 2023ம் ஆண்டில் கீட்டோபுரோபன், அசிகுளோபினாக் ஆகியவையும், 2024ம் ஆண்டு டிசம்பர் இறுதியில் நிமிசுலைடும் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன. மெலாக்சிகாமும் டோல்பெனாமிக் அமிலமும் கழுகுகளுக்குத் தீங்கு செய்யாதவை என்று சோதித்து அறியப்பட்டுள்ளன.

எங்கோ மலையில் இருக்கும் கழுகுக்கும் இங்குள்ள விவசாயிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றலாம். தென்னாட்டில் எஞ்சியிருக்கும் கழுகுகளின் முக்கியமான புகலிடம் நீலகிரி, ஈரோடு மாவட்டங்களை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கு. இரை தேடி ஒரே நாளில் 100 கிலோ மீட்டருக்கு மேல் பறக்கும் பறவை அது. சந்தைக்குச் சந்தை கைமாறும் மாடு எங்கே விழுகிறது என்று யாருக்கும் தெரியாது. கழுகுகள் அழிந்த இடங்களில் பிணங்கள் அழுகிக் கிடந்து, அவற்றைத் தின்று தெருநாய்கள் பெருகின. நாய்க்கடியால் வரும் வெறிநோயின் அச்சமும் கூடியது. ஆகவே ஊசி போடுபவரிடம் மருந்தின் பெயரைக் கேட்கவேண்டும். சிகிச்சையில் இருக்கும்போது இறந்த மாட்டை வெட்டவெளியில் எறியாமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்கவேண்டும்.

பாலைச் சங்கத்தில் ஊற்றலாமா?

ஆபரேஷன் செய்த மாட்டுக்கு வலி மருந்துடன் கிருமிக்கொல்லி மருந்தும் போடுவார்கள். இரண்டும் பாலில் இறங்கும். ஐரோப்பிய நாடுகளில் மாட்டுக்கு மெலாக்சிகாம் ஊசி போட்டால் 5 நாட்கள் பாலையும் 15 நாட்கள் இறைச்சியையும் உணவுக்கு விடக்கூடாது என்று விதித்திருக்கிறார்கள். கிருமிக்கொல்லிகளுக்கு மருந்துக்கு மருந்து நாள் வேறுபடும். கடைசி ஊசி போட்ட நாளிலிருந்து எத்தனை நாள் பாலை ஒதுக்கவேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. ஒரு மாட்டின் பாலால் சங்கத்து டாங்கர் முழுவதும் கெட்டுப்போக இடம் தரக்கூடாது. அந்த நாட்களிலும் மடியில் பால் தேங்கவிடாமல் கறந்து கொட்டவேண்டும்.

காயத்தைப் பார்த்துக்கொள்ளுதல்

தையல் போட்ட மாட்டை மற்ற மாடுகளுடன் கட்டாமல் காய்ந்த, சுத்தமான இடத்தில் தனியே கட்டவேண்டும். காயத்தின்மேல் சாம்பல், மண்ணெண்ணெய், பழைய எஞ்சின் ஆயில் எதையும் தடவக்கூடாது. டாக்டர் கொடுத்த மருந்து மட்டும் போதும். ஈ மொய்க்காதபடி, காயத்தைச் சுற்றியுள்ள தோலில் மட்டும் வேப்பெண்ணெய் தடவலாம். தையல் இடம் நாளுக்கு நாள் சூடாக வீங்குவது, நாற்றத்துடன் நீர் வடிவது, தையல் பிரிவது, மூன்றாம் நாளும் அசை போடாமல் இருப்பது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் தாமதிக்கக்கூடாது. எல்லாம் சரியாக இருந்தால் 10 முதல் 14 நாட்களில் தையல் பிரிக்கலாம்.

எங்கே காட்டுவது?

முதலில் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் காட்டவேண்டும். பெரிய ஆபரேஷன் என்றால், 1985ம் ஆண்டில் தொடங்கப்பட்ட நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு அங்கிருந்து அனுப்புவார்கள். சேலம் மாவட்டம் தலைவாசல் பகுதியிலும் இப்போது கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாட்டை ஏற்றிச்செல்ல முடியாத நிலையில் 1962 என்ற கட்டணமில்லாத எண்ணுக்குப் போன் செய்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியின் உதவியைப் பெறலாம்.

ஆபரேஷனே தேவைப்படாமல் பார்த்துக்கொள்வது எல்லாவற்றிலும் சிறந்தது. தீவனம் கொட்டும் இடத்தில் கம்பி, ஆணி, பிளாஸ்டிக் இல்லாமல் கூட்டிவைப்பதும், கம்பி ஆபத்துள்ள இடங்களில் மேயும் மாட்டுக்கு டாக்டர் மூலம் காந்தத் துண்டு விழுங்கச் செய்வதும், சிறிய கிடேரிகளுக்கு அளவுக்கேற்ற காளையின் விந்தைத் தேர்வதும் செலவு குறைந்த வழிகள். அதையும் மீறி ஆபரேஷன் வந்துவிட்டால், மயக்க ஊசிக்கு அஞ்சி நாள் கடத்தாமல் முதல் நாளிலேயே மாட்டைக் கொண்டுசெல்லவேண்டும். வலி மருந்தின் பெயரையும், பால் ஒதுக்கும் நாளையும் கேட்டு வாங்கிக்கொண்டு வீடு திரும்பவேண்டும்.